கப்பலுக்கும் செக்கிற்கும் இடையே: வ.உ.சி.யின் தன்வரலாறும் மறக்கப்பட்ட ஆலையும்

முன்னுரை

வ.உ. சிதம்பரம் பிள்ளையைத் தமிழுலகம் இரண்டு அடைமொழிகளால் அறியும். ஒன்று 'கப்பலோட்டிய தமிழன்'. மற்றொன்று 'செக்கிழுத்த செம்மல்'. முதலாவது அவர்தம் முயற்சியையும் இரண்டாவது அவர் அடைந்த துன்பத்தையும் குறிக்கின்றன. நம் நாட்டுத் தமிழ்ப்பள்ளிகளிலும் இடைநிலைப்பள்ளிகளிலும் அவரைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகள் பெரும்பாலும் இவ்விரு தொடர்களுக்குள்ளேயே தொடங்கி முடிந்துவிடுகின்றன. கப்பல் விட்டார், ஆங்கிலேயர் வெகுண்டனர், செக்கிழுத்தார் என்னும் வரிசை மாணவருக்கு மனப்பாடமாகியுள்ளது.

ஆயின், கப்பலுக்கும் செக்கிற்கும் இடையே தூத்துக்குடியில் ஒரு நூலாலை இருந்தது. 1908ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் அவ்வாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அது வெற்றி பெற்ற சில நாள்களில் வ.உ.சி. கைது செய்யப்பட்டார். இந்த ஆலைக்கு ஏன் ஓர் அடைமொழி வாய்க்கவில்லை என்னும் வினாவை முன்வைத்து, வ.உ.சி. செய்யுளில் இயற்றிய தன்வரலாற்றையும் அவரைப் பற்றிய தமிழ் நினைவையும் மறுவாசிப்புச் செய்ய இக்கட்டுரை முற்படுகிறது.

நீராவிக் காலத்துத் தூத்துக்குடி

வ.உ.சி.யின் கப்பல் முயற்சியைப் பேசுவோர் பலரும் அதனைப் பண்டைத் தமிழரின் கடலோடு மரபின் தொடர்ச்சியாகக் காண்பர். காவிரிப்பூம்பட்டினத்திலும் முசிறியிலும் தொடங்கித் தூத்துக்குடியில் வந்து முடிப்பர். உணர்வு நிலையில் இது இயல்பே. எனினும் பாய்க்கப்பல் வாணிகமும் நீராவிக்கப்பல் வாணிகமும் ஒன்றல்ல என்பதை இவ்வொப்பீடு மறைத்துவிடுகிறது. பாய்க்கப்பல் பருவக்காற்றை நம்பியது. நீராவிக்கப்பலோ நிலக்கரியையும் கால அட்டவணையையும் அஞ்சல் ஒப்பந்தத்தையும் பெருமூலதனத்தையும் நம்பியது. 1856இல் வில்லியம் மெக்கின்னன் தொடங்கிய நிறுவனமே 1862 முதல் பிரிட்டிஷ் இந்தியா நீராவிக்கப்பல் கம்பெனி எனப் பெயர் பெற்றது. அரசின் அஞ்சல் ஒப்பந்தங்கள் அளித்த நிலையான வருவாயைக் கொண்டு அது இந்தியப் பெருங்கடலின் கரைகளெங்கும் தன் வழித்தடங்களை விரித்தது. எனவே வ.உ.சி. எதிர்கொண்டது ஒரு போட்டி வணிகரை மட்டுமன்று. அரசும் வணிகமும் கைகோத்து நின்ற ஓர் அமைப்பையாகும்.

தூத்துக்குடியின் நிலை இதற்குத் தக்க சான்றாகும். அக்காலத்தில் அங்குக் கரையோரக் கடல் ஆழமற்றிருந்தமையால் நீராவிக்கப்பல்கள் கரையிலிருந்து சில மைல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். பருத்திப் பொதிகளும் பயணிகளும் தோணிகளிலும் படகுகளிலும் அவ்விடம் சென்று ஏறவேண்டும். கரிசல் நிலத்தில் விளைந்த பருத்தி, அதனைக் கரைக்குக் கொணர்ந்த இருப்புப்பாதை, பொதி கட்டும் அழுத்தாலைகள், நூலாலை, தோணி, கப்பல் ஆகிய அனைத்தும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். ஹார்வி சகோதரர்களின் நிறுவனம் பாபநாசத்தில் தாமிரவருணியின் நீர்வீழ்ச்சி ஆற்றலைக் கொண்டு ஓர் ஆலையையும், தூத்துக்குடியில் கோரல் ஆலையையும், மதுரையில் மற்றோர் ஆலையையும் நடத்தியது. பருத்தி வாணிகத்திலும் கப்பல் முகமையிலும் ஈடுபட்டது. ஆகவே கப்பலில் தொடங்கிய போராட்டம் ஆலையைத் தொட்டது தற்செயலன்று.

ஓட்டியவர் யார்?

'கப்பலோட்டிய தமிழன்' என்னும் தொடர் ம.பொ. சிவஞானம் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் தலைப்பாகி, 1961இல் பி.ஆர். பந்துலு இயக்கிய திரைப்படத்தின் வழியாக மக்கள் மனத்தில் நிலைபெற்றது. இத்தொடர் ஒருமையில் அமைந்தது. ஆனால் 1906ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் பதிவு செய்யப்பட்ட சுதேசி நாவாய்ச் சங்கமோ ஒரு கூட்டுப்பங்கு நிறுவனம். அதன் மூலதனம் 10 லட்சம் ரூபாய். அது 25 ரூபாய் மதிப்புடைய 40,000 பங்குகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவர் அதன் தலைவர், வ.உ.சி. துணைச் செயலாளர். ஹாஜி முகமது பக்கீர் சேட்டு 8,000 பங்குகளை 2 லட்சம் ரூபாய்க்கு வாங்கினார். ஜமீன்தாரும் முஸ்லிம் வணிகரும் வழக்குரைஞரும் பெயரறியாச் சிறு பங்காளரும் சேர்ந்து 'காலியா', 'லாவோ' என்னும் இரு கப்பல்களை 1907இல் தூத்துக்குடிக்குக் கொணர்ந்தனர்.

பங்கின் விலை 25 ரூபாயாக வைக்கப்பட்டது ஈண்டுக் கருதத்தக்கது. பெருஞ்செல்வர் சிலரிடம் மட்டும் மூலதனம் திரட்டுவது நோக்கமாயின் அவ்வாறு பிரித்திருக்க வேண்டியதில்லை. இந்தியரும் இலங்கையரும் பிற ஆசிய நாட்டினரும் கப்பல் செலுத்தவும் கப்பல் கட்டவும் பயிற்சி பெறவேண்டும் என்பதும் அந்நிறுவனத்தின் குறிக்கோள்களுள் ஒன்று. இத்தகைய கூட்டு முயற்சியை ஒருவர் கையில் சுக்கானைக் கொடுத்து நிற்கும் படிமமாகச் சுருக்கும்போது வீரம் மிகுகிறது. ஆனால் நிறுவனம் மறைகிறது. நிறுவனம் மறையவே, அது ஏன் வீழ்ந்தது என்னும் வினாவிற்கும் 'சூழ்ச்சி' என்னும் ஒற்றைச்சொல் விடையாகிவிடுகிறது.

கட்டணப் போட்டியைப் பற்றிய செய்தியும் அத்தகையதே. பி.ஐ. கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, இறுதியில் இலவசமாக ஏற்றிச்செல்ல முன்வந்ததோடு குடையும் கொடுத்தது என்று வாழ்க்கை வரலாற்று நூல்கள் தவறாமல் எடுத்துரைக்கின்றன. நாம் அதைக் கேட்டு நகைக்கிறோம். அக்குடையை வாங்கியிருக்கக்கூடியவர் யார் என்று எண்ணுவதில்லை. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சென்றவருள் வணிகரும் இருந்தனர். இலங்கைத் தோட்டங்களுக்குப் பிழைப்புத் தேடிச் சென்ற ஏழைகளும் இருந்தனர். அவர்களுக்குக் கட்டணத்தில் மிஞ்சும் ஓர் அணாவும் பெரிது. சுதேசியம் அவர்களிடம் வேண்டிய ஈகம், பங்கு வாங்கிய செல்வரிடம் வேண்டிய ஈகத்தினும் சிறிதன்று.

அகவலில் ஆலை

வ.உ.சி. தம் வரலாற்றை அகவல் யாப்பில் எழுதினார். அவர் மறைந்து பத்தாண்டுகளுக்குப் பின் 1946இல் அது நூலாக வெளிவந்தது. தொல்காப்பிய இளம்பூரணத்தைப் பதிப்பித்தவரும் திருக்குறளுக்கு உரை வகுத்தவருமான ஒருவர் அகவலைத் தேர்ந்தது வியப்பன்று. செய்திகளைத் தொடர்ந்து சொல்லிச் செல்லவும் பேச்சோசைக்கு அண்மையில் நிற்கவும் அகவல் இடந்தரும். வழக்குமன்றமும் ஆலையும் சிறை அதிகாரியும் அந்தப் பழைய யாப்பிற்குள் தயக்கமின்றி வந்தமர்வதே இந்நூலின் முதற்சிறப்பு எனலாம்.

எனினும் இந்நூலைக் கப்பல் வரலாறு தேடிப் படிப்போர் ஏமாற்றமடைவர். கப்பல் முயற்சி விரிவாகப் பேசப்படவில்லை. சிறை வாழ்வே நூலில் மிகுதியான இடத்தைப் பெறுகிறது. இதனைக் குறையாகக் கருதுவோர் உளர். என் கருத்தில், நூலாசிரியர் எதனைத் தம் வாழ்வின் நடுவிடமாகக் கண்டார் என்பதை இவ்வளவீடு நமக்கு உணர்த்துகிறது. சிறையில் அவர் பெற்றவை முதலில் சணல் கிழிக்கும் பொறியும் பின்னர்ச் செக்குமாகும். வழக்குரைஞராக இருந்தவர் உடலுழைப்பை, அதுவும் கூலியற்ற கட்டாய உழைப்பை, அங்கே தம் கைகளால் அறிகிறார். கோரல் ஆலைத் தொழிலாளருக்காக மேடையில் பேசியவர் சிறைக்குள் பொறியின் முன் தாமே நிற்க நேர்கிறது. நூலை இவ்வாறு படித்தால் ஆலைப் பகுதியும் சிறைப் பகுதியும் ஒன்றையொன்று விளக்குவதைக் காணலாம். செக்கை வெறும் தியாகச் சின்னமாகக் கொள்ளும் வாசிப்பில் இத்தொடர்பு புலப்படுவதில்லை.

நூலின் எல்லையையும் சுட்டுதல் திறனாய்வாளன் கடமை. இத்தன்வரலாற்றில் ஆலைத் தொழிலாளர் ஒரு திரளாகவே தோன்றுகின்றனர். அவர்தம் குரல் தலைவரின் குரலுக்குள் அடங்கிவிடுகிறது. கூலி உயர்வும் வார விடுமுறையும் வேண்டி வேலையை விட்டு வெளியேறியவர் ஒவ்வொருவரும் அன்றைய உணவைப் பணயம் வைத்தனர் என்பதை நாமே உய்த்துணர வேண்டியுள்ளது. தன்வரலாறு என்னும் வகைமைக்கு இயல்பான குறை இது. ஆனால் பின்வந்த வரலாற்றாசிரியரும் இக்குறையை நிரப்பாமல் விட்டமைக்கு அவ்வகைமையைக் காரணம் காட்டவியலாது.

வெற்றி ஏன் மறக்கப்பட்டது?

வேலைநிறுத்தத்தை நூல்கள் சொல்லாமல் விடவில்லை என்று மறுப்போர் கூறலாம். உண்மையே. ஆயின் அது கைதிற்கு இட்டுச்செல்லும் வழிப்படியாகவே சொல்லப்படுகிறது. நிகழ்ச்சிகளின் வரிசையைக் காண்போம். பிப்ரவரி 27 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. மார்ச் முதல் வாரத்தில் நிருவாகம் இணங்கியது. மார்ச் 9 அன்று விபின் சந்திர பாலின் விடுதலையைக் கொண்டாடும் ஊர்வலம் நடந்தது. மார்ச் 12 அன்று வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதாயினர். மறுநாள் திருநெல்வேலியில் மக்கள் எழுச்சி வெடித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர். சூலை 7 அன்று நீதிபதி பின்ஹே விதித்த 40 ஆண்டுத் தண்டனை பின்னர் மேல்முறையீட்டில் குறைக்கப்பட்டது. இவ்வரிசையில் அரசை விரைந்து செயற்படத் தூண்டியது கப்பலன்று. ஆலைத் தொழிலாளரும் ஊர்மக்களும் ஒன்றுசேர்ந்து நின்ற காட்சியே என்பது தெளிவு.

அவ்வாறாயின் தமிழ் நினைவு கப்பலை ஏன் தேர்ந்தது? கப்பல் தோற்றது, 1911இல் நிறுவனம் கலைக்கப்பட்டது. தோல்வி அவலச்சுவைக்கு இடமளிக்கிறது. நாடகத்திற்கும் திரைப்படத்திற்கும் அது உகந்தது. ஆலைப் போராட்டமோ சில நாள்களில் வென்றது. வென்ற கூலிப் போராட்டத்தில் கண்ணீர் இல்லை. மேலும் கப்பல் இனப்பெருமையோடு இயைந்தது. ஆலையோ கூலி, வேலைநேரம், விடுமுறை முதலிய வினாக்களை எழுப்பும். அவ்வினாக்கள் வெள்ளை முதலாளி சென்றபின்னும் ஓய்வதில்லை. பெருமையை விழாவில் பேசுதல் எளிது; இவ்வினாக்களைப் பேசுதல் அத்துணை எளிதன்று.

அண்மைக்கால ஆய்வுகள் இந்நிலையை மாற்றத் தொடங்கியுள்ளன. ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908' என்னும் நூல், தலைப்பிலேயே எழுச்சியைத் தலைவருக்கு முன் நிறுத்துகிறது. 2024ஆம் ஆண்டுக்குரிய சாகித்திய அகாதெமி விருது அதற்குக் கிடைத்தது. கப்பல் நிறுவனத்தைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய விரிவான நூல் 2023இல் வெளிவந்தது. இவை ஆய்வாளரிடம் நின்றுவிடாமல் வகுப்பறையை அடையவேண்டும்.

நம் கப்பல்

இவ்விடத்தில் வகுப்பறை நிகழ்வொன்றைக் குறிப்பிடுதல் பொருந்தும். வ.உ.சி.யின் தன்வரலாற்றைப் பாடமாக நடத்தியபோது, தோட்டப்புறத்திலிருந்து வந்த மாணவி ஒருவர், "ஐயா, எங்கள் கொள்ளுப்பாட்டனார் வந்த கப்பல் வ.உ.சி. விட்டதா, வெள்ளைக்காரன் விட்டதா?" என்று வினவினார். வகுப்பில் சிலர் சிரித்தனர். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது ஆண்டுக்காலம் இப்பாடத்தை நடத்தியும் நான் அவ்வினாவை எழுப்பியதில்லை.

விடை கடினமானதன்று. நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கிற்கும் கிள்ளான் துறைக்கும் சிங்கப்பூருக்கும் நம் முன்னோரை ஏற்றிவந்த பெரும்பாலான நீராவிக்கப்பல்கள் பி.ஐ. கம்பெனிக்குரியவை. முதியோர் இன்றும் பெயர் சொல்லும் 'ரஜூலா' அக்கம்பெனிக்காக 1926இல் கட்டப்பட்டது. 1973 வரை அவ்வழித்தடத்தில் ஓடியது. 'காலியா' தூத்துக்குடிக்கு வந்த அதே 1907ஆம் ஆண்டில்தான் மலாயாவில் இந்தியக் குடிவரவுக் குழு அமைந்தது. முதலாளிகளிடம் வரி தண்டி, தமிழ்த் தொழிலாளரின் கப்பல் செலவை ஈடுசெய்யும் நிதி அதனையொட்டி உருவாயிற்று. ஒரு கரையில் தமிழர் தமக்கெனக் கப்பல் வாங்கினர். மறுகரையில் தமிழரை ஏற்றிவரும் கப்பலுக்குத் தோட்ட முதலாளியர் பணம் கட்டினர். இரண்டிலும் எதிரே நின்றது ஒரே கம்பெனி. இரண்டும் நம் வரலாறே.

கடல் கடந்த தமிழருக்கும் வ.உ.சி.க்கும் வேறொரு தொடர்பும் உண்டு. வ.உ.சி.யின் குடும்ப இடருக்கு உதவியாகத் தென்னாப்பிரிக்கத் தமிழர் திரட்டிய தொகை காந்தியடிகள் வழியாகக் காலந்தாழ்ந்து அவரை அடைந்தது. அது 347 ரூபாய் 12 அணா. ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய ஒரு சமூகம், கப்பல் விட்டு வறுமையுற்றவருக்கு ஈந்த பணம் அது. வ.உ.சி.யும் விடுதலைக்குப் பின் சென்னையில் வாழ்ந்த காலத்தில் தொழிற்சங்கப் பணிகளில் ஈடுபட்டார். ஆகவே ஆலை அவர் வாழ்வில் வந்துபோன ஒரு நிகழ்ச்சி அன்று.

முடிவுரை

கப்பலோட்டியவர் என்னும் பெருமையைக் குறைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. அக்கப்பலை அதன் காலத்தில், அதன் பங்காளரோடும் பயணிகளோடும் தோணிக்காரரோடும் ஆலைத் தொழிலாளரோடும் சேர்த்துக் காணவேண்டும் என்பதே வேண்டுகோள். வ.உ.சி.யைப் பாடமாக்கும் ஆசிரியர், கப்பலுக்கும் செக்கிற்கும் இடையே கோரல் ஆலையை ஒரு பாடவேளையேனும் நிறுத்திக் காட்டலாம். அதன்பின், தம் குடும்பத்தார் எந்தத் துறையில் எந்தக் கப்பலேறினர் என்று வீட்டு முதியோரிடம் கேட்டு வருமாறு மாணவரைப் பணிக்கலாம். அம்மாணவி தம் பாட்டியிடம் கேட்டு வந்தார். கப்பலின் பெயர் பாட்டிக்கு நினைவில்லை. தம் மாமனார் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்ததாகச் சொல்லக் கேட்டிருக்கிறாராம். அன்று வகுப்பு அதிலிருந்துதான் தொடங்கிற்று.