ஹுத்ஹுதும் கொண்டலாத்தியும்

நம் இல்லங்களில் பிள்ளைகளுக்கென நூல் வாங்கும் வழக்கம் முன்னைவிடப் பெருகியிருக்கிறது. மகிழ வேண்டியதே. ஆயினும் வாங்கப்படுபவை யாவை என்று நோக்கினால், நபிமார் வரலாறு, நீதிக்கதை, பள்ளிப் பாடத்துக்குத் துணையான வினா-விடை என்ற அளவில் நின்றுவிடுகிறோம். தொடக்கப் பள்ளி வயதுப் பிள்ளையின் கேள்விகளோ இவற்றுள் அடங்குவனவல்ல. எறும்பு எங்கே போகிறது, கடல்நீர் ஏன் கரிக்கிறது, முருங்கை மரத்தில் வந்தமர்ந்த அந்தக் குருவிக்குப் பெயர் என்ன என்று அது கேட்டுக்கொண்டே இருக்கிறது. நாமோ, “போய்ப் படி” என்கிறோம். எதைப் படிப்பது?

சுலைமான் நபி அவர்களுக்கு ஸபா நாட்டுச் செய்தியைக் கொண்டுவந்த ஹுத்ஹுத் பறவையை அறியாத மதரஸாப் பிள்ளை இல்லை. அதே பறவை விசிறிபோல் கொண்டையை விரித்து, நீண்டு வளைந்த அலகால் மண்ணைக் குத்திப் புழு தேடியவாறு நம் கொல்லைப்புறத்திலேயே நடமாடுகிறது. தமிழர் அதனைக் கொண்டலாத்தி என்பர். இவ்விரண்டும் ஒன்றே என்பதை எத்தனைப் பிள்ளைகள் அறிவர்? பிள்ளைகள் இருக்கட்டும், வாப்பாமாரில் எத்தனைப் பேர் அறிவர்? பெயரை ஓதிவிட்டோம், பறவையைப் பார்க்கவில்லை.

பார்க்கச் சொல்லும் நூல் ஒன்று தமிழில் இல்லாமலில்லை. ‘பறவைகளைப் பார்’ என்பது அதன் பெயர். நேஷனல் புக் டிரஸ்ட் நிறுவனம் பிள்ளைகளுக்காக நடத்தும் நேரு பால புஸ்தகாலய வரிசையில் வந்தது. ஆங்கிலத்தில் எழுதியவர் ஜமால் ஆரா என்னும் முஸ்லிம் பெண்மணி. பிஹாரில் பிறந்து, சோட்டா நாக்பூர்க் காடுகளில் பறவைகளை ஆண்டுக்கணக்கில் நோக்கிக் குறிப்பெடுத்தவர். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழில் கட்டுரைகள் வரைந்தவர். இத்துறையில் ஆடவரே நிறைந்திருந்த காலம் அது. தமிழில் தந்தவரோ பெரியசாமித் தூரன். நம் சமுதாய மேடைகளில் பெண்கல்வி பற்றி எவ்வளவோ பேசப்படுகிறது. ஜமால் ஆராவின் பெயரை அங்கே ஒருமுறையேனும் நாம் கேட்டதில்லை.

இந்நூலின் சிறப்பு அதன் பெயரிலேயே தொடங்குகிறது. ‘பறவைகளைப் பற்றி அறிக’ என்று அது சொல்லவில்லை, ‘பார்’ என்கிறது. கதையல்லாத நூலுக்கு நாம் வைக்கும் முதல் அளவுகோல் இதுவே. நூலை மூடிய பிள்ளை அடுத்து என்ன செய்கிறது? படித்ததை ஒப்பிக்கிறதா, வாசலுக்கு ஓடுகிறதா? ஒப்பிக்க வைக்கும் நூல் பாடநூலின் தம்பியே. வாசலுக்கு ஓடவைக்கும் நூல்தான் நாம் தேடுவது.

இரண்டாவது அளவுகோல் உண்மை. இதில்தான் நம்மவர் நூல்கள் சிலவற்றின்மீது நமக்கு மனக்குறை உண்டு. முஸ்லிம் அறிஞர்களைப் பற்றிப் பிள்ளைகளுக்கென எழுதப்பட்ட சிறு நூல்கள் பலவற்றைப் புரட்டியிருக்கிறோம். இப்னுல் ஹைதம் கேமராவைக் கண்டுபிடித்தார், இப்னு ஃபிர்னாஸ் முதல் விமானத்தைப் பறக்கவிட்டார் என்று ஒரே மூச்சில் எழுதிச் செல்கின்றனர். நோக்கம் நல்லதே, பிள்ளை தன் முன்னோரை எண்ணிப் பெருமிதம் கொள்ள வேண்டும் என்பது. ஆனால் இப்னு ஃபிர்னாஸ் ஒன்பதாம் நூற்றாண்டுக் குர்துபாவில் வாழ்ந்தவர். அவர் பறந்த செய்தியை நமக்கு விரிவாகத் தருபவரான அல்மக்கரீ பதினேழாம் நூற்றாண்டவர். இடைவெளி ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள்! இறகுகளைப் பூட்டிக்கொண்டு சற்றுத் தூரம் மிதந்து, இறங்கும்போது முதுகில் அடிபட்டார் என்பதே அச்செய்தி. அவ்வளவையும் அவ்வளவாகவே சொன்னால் பிள்ளைக்குப் பெருமிதம் குறைந்துவிடுமா? மிகையாகச் சொல்லி வைத்தால், நாளை கல்லூரியில் அது பொய்யென்று அறியும் பிள்ளை, நாம் சொன்ன மற்றவற்றையும் ஐயுறத் தொடங்கும். ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் தொடரை அத்துணை நுணுக்கமாக ஆய்ந்த மரபினர், பிள்ளைகளுக்கு எழுதும்போது மட்டும் அந்த எச்சரிக்கையைக் கைவிடுவது நமக்கு விளங்கவில்லை.

இப்னுல் ஹைதம் உண்மையில் செய்தது கேமராவினும் சுவையானது. பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அவர், பதினோராம் நூற்றாண்டில் ‘கிதாபுல் மனாழிர்’ என்ற ஒளிநூலை யாத்தார். இருண்ட அறை ஒன்று. அதில் ஒரு சிறு துளை. துளைக்கு எதிரே, வெளியில், வெவ்வேறு இடங்களில் விளக்குகள். அறையினுள் விளக்குக்கு ஒன்றாக ஒளித்திட்டுகள் தோன்றும். ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய திட்டு மட்டும் மறையும். திறந்தால் அதே இடத்தில் மீண்டும் தோன்றும். பல ஒளிகள் ஒரே துளையில் புகுந்தும் ஒன்றோடொன்று கலந்து குழம்பவில்லை. ஒவ்வொன்றும் நேர்கோட்டில் செல்கிறது. இரண்டு டார்ச் விளக்குகளும் துளையிட்ட ஓர் அட்டையும் இருந்தால் எட்டு வயதுப் பிள்ளை இன்றிரவே இதைச் செய்து பார்க்கலாம். ‘கேமராவைக் கண்டுபிடித்தவர்’ என்ற ஒற்றை வரி இத்தனையையும் பிள்ளையிடமிருந்து பறித்துவிடுகிறது.

வாழ்க்கை வரலாறுகளிலும் இதே குறைதான். பெரியோர் பிறக்கும்போதே பெரியோராகப் பிறந்ததுபோல் எழுதுகின்றனர். பறவையறிஞர் சாலிம் அலீ (1896–1987) சிறுவனாக இருந்தபோது ஒரு குருவியைச் சுட்டு வீழ்த்தினார். அதன் தொண்டையில் மஞ்சள் திட்டு இருந்தது. இது என்ன குருவி? மாமாவுக்கும் சொல்லத் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பிவைத்தார். அங்கே மில்லர்டு என்ற ஆங்கிலேயர், பாடம் செய்து வைத்த பறவைகளை இழுப்பறை இழுப்பறையாகத் திறந்து காட்டினார். அறியாமையில் தொடங்கிய வாழ்வு அது. 1985இல் வெளியான அவருடைய தன்வரலாறு சிறுபிள்ளைகளுக்கு உரியதன்று. ஆனால் உம்மா படித்துவிட்டு இரவில் சொல்லலாம்.

தூரன் பெயரைச் சொன்னபின் ‘குழந்தைகள் கலைக்களஞ்சிய’த்தைச் சொல்லாமல் விட இயலாது. தமிழ் வளர்ச்சிக் கழகம் 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்டது. அவர்தாம் முதன்மை ஆசிரியர். இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் வழியே செலவின்றிப் படிக்கலாம். பழைய நூல்தான். புளூட்டோவைக் கோள்களின் வரிசையிலிருந்து வானியலார் நீக்கியது 2006இல். அதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே முடிந்த தொகுதிகளில் அதைத் தேடக்கூடாது. எனவே பிள்ளையிடம் தனியே கொடுத்துவிடாமல் அருகிலிருந்து படிப்பதே முறை. அறிவு திருத்தப்படும் என்பதைப் பிள்ளை நேரில் காண்பதற்கு இதைவிட நல்ல வாய்ப்பும் இல்லை. அண்மைச் செய்திகளுக்கு, தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987இல் தொடங்கிய ‘துளிர்’ மாத இதழ் உண்டு; நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏற்றது. விலையுயர்ந்த வழவழப்புத் தாளில் வரும் ‘ஆயிரம் அறிவுத் துணுக்குகள்’ வகையை நாம் பரிந்துரைக்கவில்லை. துணுக்குகள் பிள்ளையை வியக்கவைக்கும். அடுத்த கேள்வியைக் கேட்கவைப்பதில்லை.

ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ‘பறவைகளைப் பார்’ சிறு நூல். இந்தியா முழுமைக்குமான பறவைகளை அதில் அடக்க முடியாது. நம் மக்கள் பெரிதும் வாழ்வதோ கடற்கரை ஊர்களில். நாகூரிலிருந்து சிறிது தெற்கே போனால் கோடியக்கரை. 1967இல் சரணாலயமாக்கப்பட்ட அவ்விடத்துக்குப் பூநாரைகள் கூட்டம் கூட்டமாக வருகின்றன. கீழக்கரைக்கு எதிரே மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகளும் கடற்பசுவும் உள்ளன. தம் வாசலுக்கு எதிரே உள்ள அக்கடலைப் பற்றி, அவ்வூர்ப் பிள்ளை தன் மொழியில், தன் உம்மா வழங்கும் மீன்பெயர்களோடு படிக்கத்தக்க ஒரு சிறு நூலைத் தேடினோம். நம் கைக்கு எட்டவில்லை. அதை எழுதுவதற்குப் பேராசிரியர் வேண்டியதில்லை. பிள்ளைகளோடு பழகிய ஓர் ஆசிரியையும், வலை இழுத்துப் பழகிய ஒரு மரைக்காயரும், படம் வரையத் தெரிந்த ஒருவரும் சில மாலைகள் ஒன்றாக அமர்ந்தால் கையெழுத்துப்படி உருவாகிவிடும்.