கூண்டுக்கும் மேடைக்கும் நடுவில்

'பில்லி எலியட்' (2000) படத்தை வேலைநிறுத்தப் படம் என்று கொண்டாடுகிற தோழர்கள் உண்டு. வட இங்கிலாந்தில் டர்ஹம் பகுதியின் நிலக்கரிச் சுரங்க ஊரான ஈசிங்டனில் எடுத்தது. ஊர்ப்பெயரை மட்டும் 'எவரிங்டன்' என்று மாற்றிவிட்டார்கள். 1984-85 வேலைநிறுத்தத்தின் நடுவே ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகன் பாலே நடனம் கற்று லண்டன் போகிறான்.

மகனை அனுப்பக் காசு வேணும் என்று அப்பா கருங்காலிகளின் பஸ்ஸில் ஏறிவிடுகிறார். மூத்த மகன் ஓடிவந்து தடுக்கிறான். அப்பா உடைந்து அழுகிறார். மலிவான கண்ணீர் என்று இதை ஒதுக்க முடியாது. கருங்காலி என்ற சொல்லுக்குள் ஒரு முகத்தை வைத்துக் காட்டுகிறது படம். கட்சி இலக்கியம் துணியாத காரியம்.

சிக்கல் வேறிடத்தில். பையன் தேர்வான சேதியோடு அப்பா கிளப்புக்கு ஓடுகிறார்; அங்கே தோல்விச் சேதி காத்திருக்கிறது. பையன் பஸ் ஏறுகிறான். அப்பாவும் அண்ணனும் கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்குகிறார்கள். அப்புறம் பல வருஷம் தாண்டி லண்டன், நடன அரங்கம். இந்த வெட்டுக்குள் என்ன கிடக்கு? 1992 அக்டோபரில் 31 சுரங்கங்களை மூடப்போவதாக அரசு அறிவித்தது. 1993 மே மாதம் ஈசிங்டன் மூடப்பட்டது. சுமார் 1,400 பேருக்கு வேலை போச்சு. படம் எடுக்க வந்தபோது ஊரில் தெருக்கள் இருந்தன, ஊரை உண்டாக்கின சுரங்கம் இல்லை. சுரங்கக் காட்சிகளை நார்த்தம்பர்லண்ட் போய் எடுக்க வேண்டியிருந்தது. இந்த இன்மையின் மேல்தான் பிரதி நிற்கிறது. ஆனால் வாய் திறக்காது. திறந்தால், அரங்கத்துக்கு வந்த அப்பாவிடமும் அண்ணனிடமும் 'இப்ப என்ன வேலை பாக்குறீங்க?' என்று கேட்க வேண்டிவரும்.

திறமை உள்ளவன் தப்பித்துக்கொள்வான் என்கிற கதையாடல் தாட்சரியத்துக்குப் பகையில்லை, அதன் பிள்ளைதான். பையனுக்காக ஊரே காசு போடுகிறது, வாஸ்தவம். ஆனால் கூட்டு வாழ்க்கை என்பது ஒருத்தன் வெளியேறுவதற்கான வழிச்செலவாகச் சுருங்கிவிடுகிறதே!

பெண்கள் விஷயத்தில் மௌனம் இன்னும் கெட்டி. பில்லியின் அம்மா செத்துப்போயிருக்கிறாள். பாட்டிக்கு நினைவு தப்புகிறது. டீச்சரோ நடுத்தர வர்க்க வீட்டுக்காரி. நிஜ ஈசிங்டனில் அந்த வருஷம் பெண்கள் பொது அடுக்களை நடத்தினார்கள் (நம்ம வழக்கில் கஞ்சித்தொட்டி), கூட்டங்களில் எழுந்து பேசினார்கள். அம்மாவை உயிரோடு விட்டிருந்தால் அவளும் அங்கே நின்றிருப்பாள். பில்லியும் தட்டோடு போயிருப்பான். அந்த வரிசையில் நிற்கிற மற்றப் பிள்ளைகளையும் கேமரா பார்க்க வேண்டியிருந்திருக்கும்.