வெள்ளமும் வில்லங்கமும்

அடுக்குமாடி விளம்பரங்களை ஓர் இலக்கிய வகையாகவே சேர்த்துவிடலாம். 'ஏரிக் காற்று', 'ஸ்கூல் 5 நிமிடம்' என்று கற்பனை கொடிகட்டிப் பறக்கிறது. 2015 டிசம்பரில் அந்த இடத்தில் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்பது மட்டும், நான் பார்த்தவரை, எதிலும் இல்லை. வாங்குகிறவர் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறார். அதில் அடமானம் வரும், பாகப்பிரிவினை வரும். வெள்ளம் வராது சார்!

சட்டம் இல்லாமல் இல்லை. 1882-ம் வருஷத்து சொத்துரிமை மாற்றுச் சட்டம், 55-வது பிரிவு: தனக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாத முக்கியமான குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும். ஆனால், அது சாதாரண கவனத்தோடு பார்த்தால் தெரியாத குறையாக இருக்க வேண்டுமாம். இந்த ஓட்டையில் யானையே புகலாம். 'மழைக்காலத்தில் வந்து பார்த்திருக்கலாமே' என்பார் எதிர்க்கட்சி வக்கீல்.

அமெரிக்காவில் 1978-க்கு முன் கட்டிய வீட்டை விற்றால், ஈயம் கலந்த பெயின்ட் பற்றித் தெரிந்ததை எழுதிக் கொடுத்தாக வேண்டும். நியூயார்க்கில் இன்னும் ஒருபடி மேல். வீட்டில் பேய் இருப்பதாகப் பத்திரிகைக்கெல்லாம் சொன்ன ஒரு அம்மணி, வாங்க வந்தவரிடம் மட்டும் மூச்சு விடவில்லை. ஒப்பந்தத்திலிருந்து அவர் விலகலாம் என்றது கோர்ட், 1991-ல்.

நம் 55-வது பிரிவிலேயே அதிகம் பேசப்படாத ஒரு வரி உண்டு. சொத்து பற்றி வாங்குபவர் கேட்கும் பொருத்தமான கேள்விகளுக்கு விற்பவர் தெரிந்தவரை பதில் சொல்ல வேண்டும். அட்வான்ஸ் கொடுக்குமுன், தண்ணீர் எதுவரை வந்தது என்று எழுத்திலேயே கேளுங்கள். எதிர்ப் பெட்டிக்கடைக்காரரையும் கேளுங்கள். அவர் சுவரைத் தொட்டே காட்டுவார்.