மேலுதட்டின் வில்

மூக்குக்குக் கீழே இருக்கும் அந்தச் சின்ன இடத்தை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். நடுவில் ஆழம் குறைந்த ஒரு பள்ளம். அதன் இருபுறமும் மூக்கிலிருந்து இறங்கிவரும் இரண்டு மெல்லிய வரப்புகள். அவை வந்து முடியும் இடங்களில் உதட்டின் சிவப்பு இரண்டு முனைகளாக எழும்பி, நடுவில் தாழ்ந்து, வில்லாக வளைகிறது. தோல் முடிந்து சிவப்பு தொடங்கும் எல்லையில், வெளிச்சம் சாய்வாக விழுந்தால் மட்டுமே தெரியும் வெளிறிய ஒரு கரை. இத்தனை வேலைப்பாடும் ஓர் அங்குலத்துக்குள் அடங்கிவிடுகிறது.

இது ஒரே துண்டாக முளைத்ததும் அல்ல. நான்காம் வாரக் கருவில் முகம் என்று எதுவும் கிடையாது. வாய்க்குழியைச் சுற்றி ஐந்து புடைப்புகள்தான் உண்டு. அவை வளர்ந்து, நெருங்கி, தொட்டு, ஒட்டிக்கொள்வதில்தான் ஏழாம் வாரத்தை ஒட்டி மேலுதடு உருவாகிறது. பக்கத்துப் புடைப்பு நடுப்பகுதியை எட்டாமல் போனால், உதடு பிளந்தபடியே குழந்தை பிறக்கும்.

பிளவைத் தைத்து மூடும் வித்தை பழையது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் லெமெசூரியே, டென்னிசன் போன்றவர்கள் பக்கத்து உதட்டிலிருந்து சதுரமாகவோ முக்கோணமாகவோ ஒரு துண்டைக் கொண்டுவந்து செருகி, உதட்டுக்குத் தேவையான நீளத்தைக் கொடுத்தார்கள். உதடு கூடியது, ஆனால் தழும்பு, இயற்கை எந்தக் கோடும் போடாத இடத்தில் மடங்கி ஓடியது. கொரியாவில் அமெரிக்கப் படையினரோடு பணியாற்றிய ரால்ஃப் மில்லார்ட் என்ற அறுவை மருத்துவர், 1955இல் ஸ்டாக்ஹோமில் கூடிய பன்னாட்டு மாநாட்டில் வேறொரு வழியை முன்வைத்தார். அதன் அழகு, கத்தி எடுப்பதற்கு முன்பே அவர் பார்த்த பார்வையில் இருக்கிறது.

ஒருபக்கப் பிளவில் வில்லின் மூன்றில் இரண்டு பங்கும், பள்ளமும், ஒரு வரப்பும் தொலைந்துபோகவில்லை. எல்லாம் நடுப்பகுதியிலேயே இருக்கின்றன. மூக்கை நோக்கி மேலே இழுபட்டுச் சாய்ந்து கிடக்கின்றன, அவ்வளவுதான். பிளவின் ஓரத்தில் தொடங்கி மூக்குத் தண்டின் அடிவரை வளைவாக ஒரு வெட்டு. உடனே அந்தப் பகுதி சுழன்று கீழே இறங்குகிறது. சாய்ந்திருந்த வில் நேராகிறது. இறங்கியதால் மூக்கின் கீழே விரியும் இடைவெளியை, வெளிப்புற உதட்டை முன்னே நகர்த்தி நிரப்புகிறார். அதே நகர்த்தலில், அகன்று தட்டையாகக் கிடந்த நாசியின் அடியும் உள்ளே வந்துவிடுகிறது. இரண்டு ஓரங்களும் சேரும் கோடு எங்கே விழுகிறது தெரியுமா? இல்லாத அந்த இரண்டாவது வரப்பு இருந்திருக்க வேண்டிய இடத்தில். தழும்பே வரப்பாகிவிடுகிறது! மருத்துவத்தில் இதைவிட நேர்த்தியான ஒரு கோட்டை நான் அறியேன்.

மேசையில் படுத்திருப்பது பெரும்பாலும் மூன்று மாதத்துக் குழந்தை. வெட்டுவதற்கு முன் அந்த வெளிறிய கரையின் மேல் நீல மையால் புள்ளி வைத்துக்கொள்கிறார்கள், இந்தக் கரை அந்தக் கரையோடு பிசகாமல் சேர வேண்டும் என்பதற்காக. ஒரு மில்லிமீட்டர் படி விழுந்தாலும் எதிரே நின்று பேசுபவர் கண்ணுக்குத் தெரிந்துவிடும். தோலுக்கு அடியிலும் வேலை இருக்கிறது. வாயைச் சுற்றி வளையமாக ஓட வேண்டிய தசை, பிளவின் ஓரமாக மேலேறி மூக்கின் அடியில் பிடித்துக்கொண்டிருக்கும். அதை விடுவித்து, திசை திருப்பி, குறுக்காக இணைத்தால்தான் குழந்தை சிரிக்கும்போது உதடு ஒன்றாக அசையும்.

ஈறிலும் பிளவு இருந்தால், பல் சீரமைப்பு மருத்துவரின் முறை சில ஆண்டுகள் கழித்து வருகிறது. ஒன்பது வயதை ஒட்டி, மேல்தாடையின் வளைவை அவர் விரித்துக் கொடுக்க, இடுப்பெலும்பிலிருந்து எடுத்த பஞ்சு போன்ற எலும்பை அறுவை மருத்துவர் பிளவில் நிரப்புகிறார். கோரைப்பல் இறங்குவதற்கு முன்பே இதைச் செய்வதுதான் சூட்சுமம். பல் அந்தப் புது எலும்பின் வழியாகவே இறங்கி வருகிறது. வந்த பல்லே அந்த எலும்பைக் கரையாமல் காக்கிறது.

மில்லார்டின் வெட்டைப் பின்வந்தவர்கள் அப்படியே வைத்திருக்கவில்லை. மோலர் அதன் மேல்முனையை மூக்குத் தண்டுக்குள் நீட்டினார். 2005இல் ஃபிஷர், உதட்டின் இயல்பான எல்லைகளை ஒட்டியே கோடுகளை மாற்றி வரைந்தார். கோடுகள் மாறின, கொள்கை மாறவில்லை: இருப்பதை வெட்டி எறியாதே, அதன் இடத்துக்குக் கொண்டு போ, தழும்பு விட்டே ஆக வேண்டுமென்றால், இயற்கை கோடு போட்ட இடத்தில் விடு. ஒரு குழந்தையின் முகத்துக்கு ஒரு கலை காட்டக்கூடிய மரியாதை இதுதான்.