வீட்டிற்கு வந்த விருந்தினர்

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளை அடுத்து வாழ்வோர்க்கு இரைச்சல் பழகிப்போன ஒன்று. ஆலை இயந்திரங்களின் ஓலமும், கொல்கத்தா நெடுஞ்சாலையில் ஓயாது விரையும் லாரிகளின் முழக்கமும் நம் செவிகளை மழுக்கிவிடுகின்றன. செவியிருந்தும் கேளாதாரை எண்ணி ஆண்டவர் வருந்தியதை மறையுரையில் பலமுறை எடுத்துரைத்திருக்கிறேன். அவர்களுள் நானும் ஒருவன் என்பதை அண்மையில் ஓர் ஒலிப்பதிவு உணர்த்தியது.

இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ (இதற்கு எவ்வாறு பெயரிடுவது?) 1986-இல் வெளிவந்தது. தியாகராஜருக்கும் யொஹான் செபாஸ்டியன் பாக்கிற்கும் காணிக்கையாக்கப்பட்ட படைப்பு இது. வி. எஸ். நரசிம்மனின் தனி வயலினும் நரம்பிசைக் குழுவுமே இதில் முதன்மை பெறுகின்றன. இளங்குருமட மாணவனாக ஒலிநாடாவில் இதைக் கேட்டபோது, ‘கலவைச் சாதம்’ என்று நகைத்து ஒதுக்கினேன். சென்ற மாதம், எங்கள் பாடற்குழுவில் கீபோர்டு வாசிக்கும் ஆலைத் தொழிலாளியான இளைஞர், இரவு ஷிப்ட் முடித்து வந்து இதே இசையை எனக்குக் கேட்கத் தந்தார். “இது நம்ம இசையா, அவங்க இசையா, ஃபாதர்?” என்ற அவரது வினா என்னை மீண்டும் கேட்கத் தூண்டியது.

கர்நாடக இசையில் இராகம் ஒற்றை ஆறாக ஓடுகிறது. கமகத்தின் அசைவிலேயே சுரம் உயிர்பெறுகிறது. மேலை நரம்பிசையிலோ பல குரல்கள் ஒரே வேளையில் ஒலிக்க, நிலைபெற்ற சுரங்களின் பொருத்தத்தால் அழகு பிறக்கிறது. சுரம் அசைந்தால் பொருத்தம் கலங்கும்; அசையாவிடில் இராகம் வாடும். இந்த இக்கட்டே இப்படைப்பின் உண்மையான கருப்பொருள் எனலாம். தனி வயலின் கமகத்தோடு உலவ, குழு தன் சுரங்களை உறுதியாகப் பற்றி நிற்கும் இடங்களில் இக்கட்டு இனிமையாகிவிடுகிறது.

‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’ என்னும் பகுதி, பாக்கின் மூன்றாம் வயலின் பார்ட்டிட்டாவின் முகப்பிசையைக் கையாள்கிறது. 1720-ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படியில் அது ஒற்றை வயலினுக்கே உரியது. அதனோடு வேறு குரல்களைச் சேர்ப்பது அத்துமீறல் என்பார் உண்டு. ஆயின் பாக்கே 1731-இல் அதனைத் தம் கன்டாட்டா ஒன்றில் ஆர்கனுக்கு மாற்றி, எக்காளங்களோடு முழங்கச் செய்தார். எனவே இளையராஜா செய்தது அத்துமீறல் அன்று. பாக் திறந்துவைத்த கதவின் வழியே நுழைந்ததேயாகும்.

குறையும் உண்டு. தாளம் இறுகும் சில இடங்களில் இராகம் மூச்சுவிட அவகாசமில்லை. இரு பெரியோரையும் வீட்டிற்கு அழைத்தவர், அவர்கள் வாய்திறக்குமுன் சிலபோது தாமே பேசிவிடுகிறார்.

‘நம் இசையா’ என்ற வினாவிற்கு விடை நமக்கு அண்மையிலேயே உள்ளது. இன்று எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நிற்கும் மணலியில், முதலியார் குடும்பத்தின் ஆதரவில் தங்கியிருந்தது முத்துசுவாமி தீட்சிதரின் குடும்பம். புனித ஜார்ஜ் கோட்டையில் ஐரோப்பியர் இசையைக் கேட்ட அக்குடும்பத்தில், இளையவரான பாலுசுவாமி தீட்சிதர் வயலின் பயின்று அதைக் கர்நாடக இசைக்கு உரியதாக்கினார். நமது வயலினே விருந்தாக வந்து உறவானதுதான். விருந்தினர் உறவாவதற்கு வீட்டார் முதலில் செவிகொடுக்க வேண்டும்.

ஒவ்வொரு மக்களின் இசை மரபுக்கும் உரிய மதிப்பளிக்குமாறு வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டுச் சாசனம் 1963-இலேயே பணித்தது. நாமோ மதிப்பளிப்பதை ஒலிபெருக்கியின் அளவோடு குழப்பிக்கொண்டோம். “இன்னும் சத்தமாக” என்று பாடற்குழுவை ஞாயிறுதோறும் ஏவியவன் நானே.

கடந்த சனிக்கிழமைப் பயிற்சியில் கீபோர்டின் ஆயத்தத் தாளத்தை நிறுத்தச் சொன்னேன். பீடத்தருகே அமர்ந்து கேட்டேன். பின்வரிசையில் ஒரு தாய் தாழ்ந்த குரலில் பாடிக்கொண்டிருந்தார். பல ஆண்டுகளாக அதே இடத்தில் நின்று பாடுபவர். அவர் குரலை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன்.