ஆண்களின் ஆரோக்கியமும் லயக்காம்பராவும்

தாம்பத்திய உறவு ஆணின் உடலுக்கு நன்மை தரும் என்று போதிக்கும் கட்டுரைகள் இன்று தமிழ் ஏடுகளில் மலிந்துள்ளன. இதயம் வலுப்பெறும், உறக்கம் வரும், ஆயுள் நீளும் என்று அடுக்கி, வாரத்துக்கு எத்தனை முறை என்று வைத்தியர் சீட்டைப்போல் அவை முடிகின்றன. இவற்றை ஆபாசம் என்று ஒதுக்கும் பண்டிதர்களோடு நமக்கு உடன்பாடில்லை. இவையும் ஒருவகை எழுத்தே. உரைத்துப் பார்க்கவேண்டிய எழுத்து.

முதலில் இவற்றால் விளைந்த நன்மையைச் சொல்லிவிடுவோம். முன்னாளில் இதே பக்கங்களில் வேறு சரக்கு விற்பனையாயிற்று. நாற்பது துளி இரத்தம் ஒரு துளி விந்தாகிறது, அது வீணானால் நரம்பு தளரும் என்று அச்சுறுத்தி, லேகியத்தையும் பஸ்பத்தையும் தபாலில் அனுப்பினர். இவ்வச்சம் நம் மண்ணுக்கே உரியதுமன்று. 18ஆம் நூற்றாண்டில் திசோ என்ற சுவிஸ் வைத்தியர் இதையே நூலாக்கி ஐரோப்பாவை நடுங்கவைத்தார். 1960இல் இந்திய மனநல வைத்தியர் விக், இவ்வச்சம் விளைக்கும் துன்பத்துக்குத் தாது என்ற சொல்லைக் கொண்டே நோய்ப்பெயர் சூட்டினார். எத்தனையோ இளைஞரின் உறக்கத்தைக் கெடுத்த அப்பொய்யைப் புதிய கட்டுரைகள் மறுக்கின்றன. அம்மட்டில் வரவேற்போம்.

ஆனால் அவை காட்டும் சான்றுகள் எத்தகையவை? தென் வேல்சின் கேர்ஃபிலி நகரிலும் அயற்கிராமங்களிலும் 45 முதல் 59 வயதுவரையான 918 ஆண்களைப் பத்தாண்டு தொடர்ந்த ஆய்வு 1997இல் வெளியாயிற்று. வாரம் இருமுறையேனும் பாலின்பத்தின் உச்சம் கண்டோரின் இறப்பு வீதம், மாதம் ஒருமுறையும் காணாதோரினதில் பாதியளவே இருந்தது. உடல்நலம் உள்ளவனுக்கன்றோ நாட்டமும் இருக்கும்? உறவால் நலம் வந்ததா, நலத்தால் உறவு வந்ததா என்பதை இத்தகைய கணக்கு தீர்த்துரைக்காது. 2016இல் வெளியான அமெரிக்க ஆய்வு 31,925 ஆண்களைப் பற்றியது. மாதம் 21 முறைக்குக் குறையாமல் விந்து வெளியேறியோருக்குப் புரோஸ்டேட் புற்றுநோய் வரும் வாய்ப்பு, 4 முதல் 7 முறை வெளியேறியோரைவிட ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைந்திருந்தது. அவர்கள் பல்வைத்தியர், மருந்தாளர், கால்நடை வைத்தியர் போன்றோர். அங்கு எண்ணப்பட்டது விந்து வெளியேற்றம். தனிமையில் நிகழ்ந்ததும் அதில் அடக்கம். ஆய்வுக்கு மனைவி தேவைப்படவில்லை. நமது கட்டுரையாளரோ அவ்விடத்தில் மனைவியைக் கொண்டுவந்து மருந்தாக நிறுத்துகிறார்!

இக்கட்டுரைகள் வலப்பனைத் தோட்டங்களுக்கும் வந்து சேர்கின்றன. ஆங்கிலேயர் காலத்து லயக்காம்பரா ஏறக்குறைய 10 அடிக்கு 12 அடி. அதில் பெற்றோர், வளர்ந்த பிள்ளைகள், பாட்டி. இடம் போதாதபோது இஸ்தோப்பில் ஒரு கட்டில். பக்கத்துக் காம்பராவின் இருமல் சுவரைத் தாண்டிக் கேட்கும். இன்றும் பல குடும்பங்கள் இவ்வாறே வாழ்கின்றன. இங்கே "மனஅழுத்தமற்ற இனிய சூழல்" என்று எழுதுவது யாருக்காக? காலையில் மலையேறி, அந்திக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்து, விறகோடு வீடு திரும்பி, அடுப்பை மூட்டும் பெண்ணின் களைப்பு இவ்வெழுத்தில் எங்குமில்லை. ஆணின் ஆயுளைக் கூட்டும் உறவில் கருவைச் சுமப்பவள் அவள். தோட்டங்களில் குடும்பக் கட்டுப்பாடு என்றாலே பெரும்பாலும் பெண்ணுக்குச் செய்யும் சத்திரசிகிச்சை என்றாகிவிட்ட வரலாறும் நாம் அறிந்ததே.

தமிழ் மரபு இவ்வாறு பேசவில்லை என்பதைத் தமிழ் கற்றவர்கள் என்ற முறையில் சொல்லியாக வேண்டும். காமத்துப்பாலின் 25 அதிகாரங்களில் உடல்நலக் கணக்கு இல்லை. கற்பியலின் பெரும்பகுதி தலைவியின் கூற்று. அவள் ஏங்குகிறாள், ஊடுகிறாள், மறுக்கிறாள். (கற்பு என்ற சொல்லின் பெயரால் பின்னர் அவள்மீது ஏற்றப்பட்ட சுமை வேறு வழக்கு.) ஆரோக்கியக் கட்டுரையிலோ அவளுக்கு வாயே இல்லை. "வாரம் இருமுறை" என்பதைக் கணவன் உரிமைப் பத்திரமாக நீட்டினால், அவள் வேண்டாம் எனலாமா? இலங்கைத் தண்டனைச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டுத் திருத்தம், நீதிமன்றத் தீர்ப்பால் பிரிந்து வாழும் மனைவியை வல்லுறவு கொள்வதை மட்டுமே குற்றமாக்கியது. ஒரே காம்பராவில் வாழ்பவளை விட்டுவிட்டது. ஆரோக்கியக் கட்டுரையாளர் இதில் ஒரு வரியேனும் எழுதியிருக்கலாம்.

உயர்வகுப்பு மாணவர் இவற்றைக் கைபேசியில் ஒளித்துப் படிக்கிறார்கள் என்பது ஆசிரியர்களாகிய நாம் அறியாததன்று. கைபேசியைப் பறிப்பதைவிட, அக்கட்டுரையை வகுப்பில் உரக்க வாசித்து, இதில் எழுவாய் யார், செயப்படுபொருளாக்கப்பட்டவர் யார் என்று கேட்கலாம்.