வெண்டல் ஸ்மித்: படம் தொடங்குவதற்கு முன்

ஜாக்கி ராபின்சனைப் பற்றிய '42' படத்தை (2013) போன வாரம் ரெண்டாவது தடவை பார்த்தேன். அதில் ராபின்சனுக்குத் துணையாக ஊர் ஊராய்ப் போகும் கறுப்பினப் பத்திரிகையாளர் வெண்டல் ஸ்மித். பிரஸ் பாக்ஸில் இடமில்லாததால் பார்வையாளர்களோடு உட்கார்ந்து, மடியில் டைப்ரைட்டரை வைத்து எழுதுவார். நல்ல பாத்திரம்தான். ஆனால் கதை 1945-ல் ஆரம்பிக்கிறது. என் குறை அதுதான்.

ஸ்மித்தின் பெரிய வேலை 1939-லேயே நடந்துவிட்டது. அப்போது மேஜர் லீக் பேஸ்பாலில் ஒரு கறுப்பர்கூடக் கிடையாது. கேட்டால், 'எங்களுக்கு ஆட்சேபணை இல்லை, ஆட்டக்காரர்களும் ரசிகர்களும் ஒத்துக்க மாட்டாங்க' என்கிற தோரணையில் பதில் வரும். 'பிட்ஸ்பர்க் கூரியர்' வாரப் பத்திரிகையின் 25 வயது ஸ்மித், அந்த ஆட்டக்காரர்களிடமே போய்க் கேட்டார். நேஷனல் லீக்கின் 8 மேனேஜர்கள், சுமார் 40 ஆட்டக்காரர்கள். பெரும்பாலானவர்கள் மறுப்பில்லை என்றார்கள். அதைத் தொடராக வெளியிட்டார்.

'யூசர் யாரும் இதைக் கேட்கல' என்று சொல்லியே வேலையைத் தள்ளிப்போடும் மீட்டிங்குகளில் பல வருஷம் உட்கார்ந்தவன் நான். யூசரிடம் போய்க் கேட்டுவிட்டு வருகிற ஆள் எவ்வளவு அபூர்வம்னு எனக்குத் தெரியும்.

ஒரு நெருடலும் இருக்கிறது. ராபின்சனோடு பயணம் செய்ய டாட்ஜர்ஸ் அணி ஸ்மித்துக்கு வாரம் 50 டாலர் கொடுத்தது. 1947-ல் கூரியரில் ராபின்சன் பெயரில் வந்த பத்தியை எழுதியதும் இவரே. கிளப்பிடம் பணம் வாங்குபவர் அதைப் பற்றிச் செய்தி எழுதலாமா? கூடாது என்பதே என் கட்சி. ஆனால் 'நடுநிலை' பேசிய மற்றவர்களுக்குப் பிரஸ் பாக்ஸில் நாற்காலி இருந்தது. இவருக்கு அதுவே இல்லை. தப்பைத் தப்பு என்றே சொல்லலாம், இதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு சரியாகும்.

பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தில் அப்போது தினசரிக்காரர்களுக்கு மட்டுமே இடம் இருந்தது. கறுப்பினப் பத்திரிகைகளோ பெரும்பாலும் வார இதழ்கள். இன்னொரு சாக்கு! சிகாகோ தினசரி ஒன்றுக்கு மாறிய பிறகு, 1948-ல்தான் ஸ்மித் உறுப்பினரானார். 1972 நவம்பரில், ராபின்சன் இறந்த அடுத்த மாதமே இவரும் போனார். அதே சங்கத்தின் உயரிய விருது 1993-ம் ஆண்டுக்கு இவருக்குக் கிடைத்தது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

அந்த 1939 தொடரை மட்டும் வைத்து யாராவது ஒரு படம் எடுத்தால், முதல் டிக்கெட் எனக்கு.